மேசையின் மறுபக்கத்திலிருந்து எழுத வேண்டிய விண்ணப்பம்

கேள்வி: நான் 12 ஆண்டுகளாக லினோ தகட்டில் (லினோலியம் என்ற மென்மையான தரைவிரிப்புப் பொருளாலான தகடு) செதுக்கி அச்செடுக்கும் கலைஞர். நேரில் பலமுறை கற்பித்திருக்கிறேன். இணையவழியில் ஒருமுறைகூட இல்லை. புதிதாகத் தொடங்கும் 12 பேருக்கு, வாரம் ஒன்றரை மணி நேரம் என 6 வாரப் பயிலரங்கு ஒன்றை வடிவமைக்க நினைக்கிறேன். இவ்வகைப் பயிலரங்குகளை உருவாக்கும் கலைஞர்களுக்கு நிதியும், ஆறு மாதங்களுக்கு ஒரு வழிகாட்டியும் தருவதாக ஒரு நல்கை அறிவிப்பைப் பார்த்தேன். விண்ணப்பத்தில் எதை எழுதுவது, எனக்கான ஊதியத்தை நானே கேட்கலாமா, வழிகாட்டியிடம் எதை எதிர்பார்ப்பது என்று விளங்கவில்லை. பாடத்திட்டத்தை முழுவதும் காட்டிவிட்டால் அது கைமாறிப் போய்விடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. வரைவை இணைத்திருக்கிறேன், படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: அன்புடையீர், உங்கள் வரைவை இரண்டு முறை படித்தேன். முதல் இரண்டு பக்கங்கள் உங்களைப் பற்றியும், உங்கள் கண்காட்சிகளைப் பற்றியும், லினோ அச்சின் அழகைப் பற்றியும் பேசுகின்றன. பயிலரங்கு மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது. அதில் கற்றுக்கொள்பவர் எங்குமே இல்லை. கலைஞர்கள் எழுதும் விண்ணப்பங்களில் நான் மிக அடிக்கடி காணும் குறை இதுதான். நல்கைகள் பலவகைப்படும். ஒரு படைப்பை உருவாக்கக் கொடுக்கப்படும் நல்கையில் தேர்வுக் குழு உங்கள் கலையை எடைபோடும். பயிலரங்கை வடிவமைக்கக் கொடுக்கப்படும் நல்கையிலோ, உங்கள் கலைத்திறனை ஏறக்குறைய ஏற்றுக்கொண்டுவிட்டு, ‘இவரிடம் ஆறு வாரம் உட்காரும் ஒருவருக்கு என்ன கைவரும், அது கைவந்ததா என்பது எப்படித் தெரியும்’ என்றுதான் பார்க்கும். நீங்கள் முதல் வகைக்கான விண்ணப்பத்தை இரண்டாம் வகைக்கு அனுப்பவிருந்தீர்கள்.

உங்கள் வரைவில் ‘இப்பயிலரங்கு லினோ அச்சுக்கலையைப் பரவலாக்கி, படைப்பூக்கத்தை வளர்த்தெடுக்கும்’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியில் லினோ அச்சு என்பதை எடுத்துவிட்டு மட்பாண்டம் என்றோ நெசவு என்றோ போட்டாலும் அது அப்படியே நிற்கும் என்பதைக் கவனியுங்கள். எதற்கும் பொருந்துகிற வரியை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அதற்குப் பதிலாக இப்படித் தொடங்கிப் பாருங்கள்: ‘ஆறாம் வாரத்தின் முடிவில், அச்சு இயந்திரம் இல்லாத 12 பேர், தங்கள் மேசையிலேயே ஒரு தகட்டைச் செதுக்கி, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்து, ஒன்றுபோல் இருக்கும் ஐந்து பிரதிகளை எடுக்கத் தெரிந்திருப்பார்கள்.’ இதில் எத்தனை பேர், எந்தக் கருவி, என்ன முடிவு, எதைக் கொண்டு அளப்பது என்ற நான்கும் வந்துவிடுகின்றன. ‘ஒன்றுபோல்’ என்ற சொல்தான் இதில் முக்கியமானது. முதல் பிரதி தற்செயலாகவும் நன்றாக வந்துவிடலாம்; ஐந்தும் ஒன்றுபோல வர வேண்டுமானால் மையின் அளவும், தாளை வைக்கும் இடமும், தேய்க்கும் அழுத்தமும் கைக்குப் பழகியிருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். தேர்வுக் குழுவில் அச்சுக்கலை அறியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கும் இது புரியும்.

இப்படி எழுத வேண்டுமென்றால் நீங்கள் உங்கள் நாற்காலியை விட்டு எழுந்து, மேசையின் மறுபக்கத்தில், கற்பவரின் இடத்தில் போய் உட்கார வேண்டும். நேர்வகுப்பில் நீங்கள் உணராமலே செய்யும் பல வேலைகள் திரையில் நடக்காமல் போகும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். நேரில் ஒருவர் செதுக்கும்போது, அவருடைய இடதுகை உளியின் பாதையில் இருந்தால், நீங்கள் பேசிக்கொண்டே அந்தக் கையை நகர்த்தி வைத்துவிடுவீர்கள். இணையவழியில் உங்களுக்குத் தெரிவது அவர் முகம் மட்டுமே. கை, தகடு, உளி மூன்றும் சட்டகத்துக்குக் கீழே இருக்கின்றன. எனவே முதல் வகுப்பின் முதல் பத்து நிமிடம் உளியைத் தொடாமல், ஒவ்வொருவரும் தம் கேமராவைக் கைகள் தெரியும்படி சாய்த்து வைப்பதற்கே போக வேண்டும். தகடு நழுவாமல் தாங்கும் முட்டுப்பலகை, கற்பவர்களுக்கு அனுப்பும் பொருட்பையில் உளிக்கு முன்பாக இடம்பெற வேண்டும். தகட்டை இளஞ்சூட்டில் சற்று வைத்திருந்தால் மென்மையாகி, உளி வழுக்காமல் போகும் என்பதும் உங்களுக்குப் பழக்கத்தில் வந்தது. அவர்களுக்கு அதை எழுதித்தான் தர வேண்டும். கூர்மையான கருவியை எங்கோ இருக்கும் ஒருவர் கையில் கொடுக்கும் பயிலரங்கு, பாதுகாப்பைப் பற்றி ஒரு பத்திகூட இல்லாமல் வந்தால், நான் தேர்வுக் குழுவில் இருந்தபோது அந்த விண்ணப்பத்தை ஐயத்தோடுதான் அடுத்தவரிடம் தள்ளியிருக்கிறேன்.

உங்கள் கையை மேலிருந்து காட்டும் கேமராவைப் பற்றியும் யோசியுங்கள். அதை உங்களுக்கு எதிரில் நிறுத்தினால் கற்பவருக்கு உங்கள் கை தலைகீழாகத் தெரியும். அவர் ஒவ்வொரு அசைவையும் மனத்துக்குள் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் தோளுக்கு மேலிருந்து பார்ப்பதுபோல அமைத்தால் அவர் கையும் உங்கள் கையும் ஒரே திசையில் நகரும். உங்கள் கலையில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. தகட்டில் செதுக்கியது தாளில் இடவலம் மாறி விழும்; இந்த ஒன்றை விளக்கவே தொடக்கக்காரர்களிடம் போதுமான நேரம் போகும். அதற்கு நடுவே, காணொளி அழைப்புகளில் நாம் காணும் நம் உருவம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருக்க, மற்றவர்களுக்கு அது நேராகவே போகிறது. ‘அ’ என்ற எழுத்தைச் செதுக்கிய தகட்டை நீங்கள் கேமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தால், உங்கள் திரையில் அது சரியான ‘அ’வாகத் தெரியும்; அவர்கள் காண்பது திரும்பிய எழுத்தை. ‘பாருங்கள், திரும்பியிருக்கிறதா’ என்று கேட்டுவிட்டு நீங்களே குழம்பி நிற்பீர்கள். கண்ணாடித் தோற்றத்தை அமைப்புகளில் அணைத்துவிட்டால் தீர்ந்தது; ஆனால் இது வகுப்பு நடுவில் கண்டுபிடிக்க வேண்டிய செய்தி அன்று.

ஒலியும் அப்படித்தான். உருளையில் மை சரியான அளவில் ஏறிவிட்டதா என்பதை நீங்கள் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால்தான் அறிகிறீர்கள். மை அதிகமானால் சளசளக்கும், அளவாக இருந்தால் பட்டுத்துணி உரசுவதுபோல மெல்லச் சீறும். ஜூம் முதலான செயலிகள் பேச்சல்லாத ஒலிகளை இரைச்சல் என்று கருதி வடிகட்டிவிடுகின்றன. அதாவது, ‘இந்தச் சத்தத்தைக் கேளுங்கள்’ என்று நீங்கள் சொல்லும் அந்த நொடியில் எதிர்முனையில் மௌனம்தான் இருக்கும். ஜூமில் இசைக்கலைஞர்களுக்காக வைத்திருக்கும் ‘ஒரிஜினல் சவுண்ட்’ அமைப்பை இயக்கினால் அந்தச் சீறல் கேட்கும். இசைக்கலைஞர்களுக்கென்று பெயரிட்டிருப்பதால் மற்றக் கலைஞர்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

இவற்றையெல்லாம் நான் இங்கே எழுதுவதால் உங்களுக்குக் கிடைப்பதைவிட, மூன்று நண்பர்களை வைத்து ஒரே ஒரு சோதனை வகுப்பு நடத்தினால் கிடைப்பது அதிகம். விண்ணப்பத்துக்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். நல்கை கிடைத்த பிறகுதான் சோதனை என்று பலரும் நினைக்கிறார்கள். முழுச் சோதனைக்கு அது சரி. ஆனால் ஒரு மணி நேரச் சிறு முயற்சி ஒன்று உங்கள் விண்ணப்பத்துக்கு, எந்தப் பரிந்துரைக் கடிதமும் தராத வலுவைத் தரும். ‘மூன்று பேரை வைத்து நடத்திப் பார்த்தேன், இருவரால் வரைந்த கோட்டை ஒட்டிச் செதுக்க முடிந்தது, மூன்றாமவர் கேமராவை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருபது நிமிடம் இழந்தார், ஆகவே கேமரா தாங்கியையும் பொருட்பையில் சேர்த்திருக்கிறேன்’ என்பதுபோல, உங்கள் சோதனையில் உண்மையில் நடந்ததை எழுதினால், படிப்பவர் உங்களை வேலை தெரிந்தவராகப் பார்ப்பார். தவறை மறைக்காமல் எழுதுவது தேர்வைக் கெடுக்குமோ என்று அஞ்சாதீர்கள். தவறுக்கு அடுத்த வரியில் திருத்தம் இருந்தால் போதும்.

கால அளவு பற்றி: ஒன்றரை மணி நேரத்தையும் நேரலையில் செலவிட வேண்டியதில்லை. செய்முறை விளக்கங்களைச் சிறு காணொளிகளாக முன்பே பதிவுசெய்து அனுப்பலாம். 2014இல் குவோ, கிம், ரூபின் ஆகிய மூவர் எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களை ஆராய்ந்து, சுமார் 69 லட்சம் முறை காணொளி பார்க்கப்பட்ட தரவுகளிலிருந்து, காணொளி எவ்வளவு நீண்டாலும் மாணவர்கள் ஊன்றிப் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று காட்டினார்கள். அவை பெரும்பாலும் அறிவியல், கணிதப் பாடங்கள். கைத்தொழிலைக் கற்பவர் ஒரே காணொளியைப் பத்து முறை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். ஆயினும் ஒரு காணொளிக்கு ஒரு செயல் என்று வைத்துக்கொண்டால் அந்த அளவுக்குள் தானாகவே அடங்கும். நேரலையை, அவர்கள் செதுக்கவும் நீங்கள் பார்த்துத் திருத்தவும் ஒதுக்குங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன், காணொளி அழைப்புகளில் வரும் களைப்புக்கு 2021இல் நான்கு காரணங்களைச் சொன்னார்: பல முகங்கள் இடைவிடாமல் அருகில் நின்று நம்மையே பார்ப்பது, உடல்மொழியை ஊகிக்கப் படும் பாடு, தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் உட்கார்ந்திருப்பது. கேமராவைக் கைகளை நோக்கித் திருப்பும் உங்கள் பயிலரங்கில் இவற்றில் முதலாவதும் மூன்றாவதும் பெருமளவு குறைந்துவிடுகின்றன. இதை விண்ணப்பத்தில் இரண்டு வரியாகச் சேர்க்கலாம். வடிவமைப்பைச் சிந்தித்துச் செய்திருக்கிறீர்கள் என்பதற்கு அது சான்று.

யார் யார் பங்கேற்க முடியும் என்ற பகுதியை ‘அனைவரும் வரவேற்கப்படுகிறார்கள்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். காது கேளாதவருக்குக் காணொளியில் வசன வரிகள் இருக்குமா, இணைய வேகம் குறைந்தவருக்கு அதே செய்முறை வரிசையான நிழற்படங்களாகக் கிடைக்குமா, கையேட்டின் எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே போதிய வேறுபாடு இருக்குமா என்பவற்றைச் சொல்லுங்கள். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் நெறிமுறைகளில், பல நிறுவனங்கள் கைக்கொள்ளும் ‘ஏஏ’ நிலை, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 என்ற ஒளிமாறுபாட்டைக் கேட்கிறது. வெளிர்சாம்பல் எழுத்தில் நீங்கள் அமைத்திருக்கும் மாதிரிக் கையேடு கண்ணுக்கு அழகாகவே இருக்கிறது. ஆனால் அந்த அளவைத் தாண்டாது என்று நினைக்கிறேன். வசன வரிகளுக்கு ஆகும் செலவையும் வரவுசெலவில் சேருங்கள்.

இனி ஊதியம். கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அறிவிப்பு அதைத் தடுக்காதவரை, கேட்காமல் விடுவதுதான் தவறு. கலைஞர் தன் உழைப்புக்கு ஒன்றும் போடாமல் அனுப்பும் வரவுசெலவைப் பார்த்து, ‘எவ்வளவு சிக்கனமானவர்’ என்று யாரும் மகிழ்வதில்லை. வேலையின் அளவை இவர் உணரவில்லை, நடுவில் நின்றுவிடுவார் என்றுதான் எண்ணுகிறார்கள். நீங்கள் வகுப்பு நேரமான 9 மணி நேரத்தை மட்டும் கணக்கிட்டிருக்கிறீர்கள். நான் உங்கள் திட்டத்தைக் கொண்டே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வகுப்பு 9 மணி, ஒவ்வொரு வகுப்புக்கும் 4 மணி நேர ஆயத்தம் என்றால் 24, மாதிரித் தகடுகளைச் செதுக்க 12, சோதனை வகுப்புகளுக்கு 6, பங்கேற்பாளர்களுக்கு எழுதவும் பதில் சொல்லவும் 10, கருவிகளை அமைத்துச் சரிபார்க்க வகுப்புக்கு 1 மணி வீதம் 6, அறிக்கைக்கு 8. பலரும் மறந்துவிடுவது அடுத்ததை: 12 பேரின் வேலையை வாரந்தோறும் பார்த்து ஆளுக்குப் பத்து நிமிடம் கருத்துச் சொன்னால், ஆறு வாரத்தில் 720 நிமிடம், அதாவது 12 மணி நேரம். எல்லாம் சேர்ந்து 87 மணி நேரம். நீங்கள் எழுதியதைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு. காணொளி எடுப்பதும் தொகுப்பதும் இதில் இல்லை. அதை வேறொருவர் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். எண்கள் உங்கள் வேகத்துக்கேற்ப மாறலாம், ஆனால் இந்த வரிசையை அப்படியே விண்ணப்பத்தில் காட்டுங்கள். மொத்தத் தொகை பெரிதாகத் தெரிந்தாலும் அது எங்கிருந்து வந்தது என்பதில் கேள்வி எழாது.

மற்ற இனங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொருட்பைகளும் அவற்றை அனுப்பும் செலவும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். ஜூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் நின்றுவிடும் என்பதால் கட்டணச் சந்தா தேவைப்படும். எதிர்பாராச் செலவுக்கு 5 முதல் 10 விழுக்காடு வரை ஒதுக்க அறிவிப்பு அனுமதித்தால் ஒதுக்குங்கள். நல்கை உறுதியாவதற்கு முன்பு செய்த செலவைப் பெரும்பாலான அமைப்புகள் திருப்பித் தருவதில்லை. நிதியும் பல நேரங்களில் தவணைகளாகவே வரும், கடைசித் தவணை அறிக்கைக்குப் பிறகே கிடைக்கும். ஆகவே அந்த இடைவெளியைக் கைக்காசு கொண்டு தாங்க முடியுமா என்று முன்பே பாருங்கள். நல்கைத் தொகைக்கு வரி உண்டா என்பதைக் கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.

வழிகாட்டியைப் பற்றிய உங்கள் வரைவில், உங்களைவிடப் புகழ்பெற்ற ஓர் அச்சுக்கலைஞரைத் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைக் கேட்க மாட்டேன். அச்சுக்கலையில் உங்களுக்கு இப்போது குறை ஏதும் இல்லை. அந்தப் பெரியவர் உங்கள் தகடுகளைப் பாராட்டுவார், நீங்களும் மகிழ்வீர்கள், பயிலரங்கு இருந்த இடத்திலேயே இருக்கும். வேறொரு கைவேலையை, புத்தகம் கட்டுவதையோ கூடை முடைவதையோ, திரைவழியாகச் சில ஆண்டுகள் கற்பித்துப் பழகிய ஒருவர் உங்களுக்குப் பயன்படுவார். அவருக்கு உங்கள் கலை தெரியாது என்பதே ஒரு வசதி. கற்பவருக்கு எங்கே புரியாமல் போகும் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

வழிகாட்டியுடனான ஆறு மாதத்தை ‘மாதம் ஒருமுறை உரையாடல்’ என்று சமமாகப் பிரித்து எழுதாதீர்கள். எதையும் மாற்ற இடமிருக்கும் தொடக்கத்தில் சந்திப்புகள் நெருக்கமாக இருக்க வேண்டும். பொருட்பைகள் அனுப்பப்பட்ட பிறகு அவர் தரும் நல்ல யோசனையை வைத்துக்கொண்டு நீங்கள் வருத்தப்படத்தான் முடியும். முதல் சந்திப்புக்குப் பாடத்திட்டத்தைக் கொண்டுபோவதைவிட, சோதனை வகுப்பில் குழப்பம் நேர்ந்த பத்து நிமிடத்தின் பதிவை, பங்கேற்றவர்களின் ஒப்புதலோடு, கொண்டுபோங்கள். அடுத்த சோதனை வகுப்பில் அவரை மௌனமாக உட்காரச் சொல்லி, உங்களைப் பார்க்காமல் கற்பவர்களின் முகத்தையும் கையையும் மட்டும் பார்த்து, யார் எந்த நிமிடத்தில் நின்றுபோனார் என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது உங்களால் செய்ய முடியாத வேலை அது ஒன்றுதான். ‘எப்படி இருந்தது’ என்று கேட்டால் ‘நன்றாக இருந்தது’ என்ற பதில் வரும். ‘எந்த இடத்தை வெட்டலாம்’ என்று கேட்டால் பயன் உண்டு. வழிகாட்டிக்கான மதிப்பூதியத்தை நல்கை தரும் அமைப்பே கொடுக்கிறதா என்பதை அறிவிப்பில் பார்த்து, இல்லையென்றால் உங்கள் வரவுசெலவில் சேருங்கள்.

பாடத்திட்டம் கைமாறும் என்ற அச்சம் புரிந்துகொள்ளக்கூடியது. பதிப்புரிமை, கருத்துகளைக் காப்பதில்லை. அவற்றை நீங்கள் வெளிப்படுத்திய வடிவத்தையே காக்கிறது. இது அறிவுசார் சொத்துரிமை பற்றிய, உலக வணிக அமைப்பின் ட்ரிப்ஸ் உடன்படிக்கையின் 9ஆம் பிரிவிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே ‘ஆறு வாரத்தில் மரக்கரண்டியால் அச்செடுக்கக் கற்பிப்பது’ என்ற எண்ணத்தை நீங்கள் பூட்டிவைக்க முடியாது. உங்கள் கையேட்டின் எழுத்தும் படங்களும் காணொளிகளும் உங்களுடையவை. விண்ணப்பத்தில் வாரவாரியான சுருக்கமும் ஒரே ஒரு வகுப்பின் விரிவும் போதும். முழுக் கையேட்டை இணைக்க வேண்டியதில்லை, இணைத்தாலும் படிக்க நேரம் இருக்காது. இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது நல்கை ஒப்பந்தம். உருவாகும் பாடப்பொருள்களை யாரும் பயன்படுத்தும்படி திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும் என்று சில அமைப்புகள் கேட்கின்றன. அத்தகைய திறந்த உரிமமான கிரியேட்டிவ் காமன்ஸில் ஒருமுறை வெளியிட்டதை, அந்த நிபந்தனைகளின்படி பயன்படுத்துபவரிடமிருந்து பிறகு திரும்பப் பெற முடியாது. வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் வகை போதுமா, காணொளிகளை நீக்கிக் கையேட்டை மட்டும் வெளியிடலாமா என்று கையெழுத்துக்கு முன்பு கேளுங்கள். கேட்டதற்காக நல்கையைத் திரும்பப் பெற்ற அமைப்பை நான் பார்த்ததில்லை. வகுப்புகளைப் பதிவுசெய்வதாக இருந்தால், பங்கேற்பவர் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் ஒப்புதல் பெறுவதையும் திட்டத்தில் குறிப்பிடுங்கள்.

கடைசியாக, இணைப்புகள். உங்கள் வரைவோடு பத்துப் படங்கள் இருக்கின்றன. பத்தும் உங்களுடைய அச்சுகள், பத்தும் குறையற்றவை. அவற்றில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, சோதனை வகுப்பில் உட்காரும் நண்பர் ஒருவர் எடுக்கும் முதல் பிரதியையும், அதே தகட்டில் அவர் எடுக்கும் ஐந்தாவது பிரதியையும், அவர் ஒப்புதலோடு, பக்கத்தில் பக்கமாக ஒட்டி அனுப்புங்கள். முதல் பிரதியில் மை திட்டுத்திட்டாக இருந்தால் அதைத் திருத்தி அழகாக்க வேண்டாம்.